சமுத்திரம் பார்க்காத மாப்பிள்ளை

"ரயில்வேன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயைத் திறந்தியோ, இந்த ஜன்மத்துல உனக்குக் கல்யாணம் கிடையாது."

பெண் பார்க்க வந்த தாமல் கிராமத்தில் மாட்டு வண்டியை விட்டு இறங்கும்போதே ஹேமாம்புஜம் மகனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மகன் பராங்குசம் சென்னைத் துறைமுகத்தில் இழுவைக் கப்பலில் இஞ்சினீயர். பெரிய கப்பல்கள் வெளியே வந்து நின்றால், இவனுடைய குட்டிக் கப்பல் போய்க் கயிறு கட்டி உள்ளே இழுத்து வரும். காலையில் போனால் சாயங்காலம் கரைக்கு வந்துவிடுவான். ஆனாலும் சின்ன காஞ்சிபுரத்தில் கடல் என்றால் கடல்தான்; கப்பலேறினவன் ஆசாரம் கெட்டவன். ஊருக்கு வரும்போதெல்லாம் பஞ்சகவ்யம் விழுங்கின பிறகுதான் அம்மா அவனை அடுப்படிப் பக்கம் விடுவாள். விழுங்கி விழுங்கி அவனுக்கு நாக்கே செத்துவிட்டது, பாவம். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இந்த உப்புத் தண்ணீரில் கரைந்து போயிருந்தன.

பெண்ணின் அப்பா சக்ரவர்த்தி ஐயங்கார் கூடத்தில் ஜமக்காளம் விரித்து வரவேற்றார்.

"எங்காத்துல சமுத்திர ஸ்நானத்துக்குக்கூட யாரும் போனதில்லை. அவ்வளவு ஆசாரம்" என்றார், யாரும் கேட்காமலே.

"எங்காத்துலயும்தான்" என்றாள் ஹேமாம்புஜம் உடனே. "இவன் சமுத்திரத்தைப் படத்துலதான் பார்த்திருக்கான்."

"மெட்ராஸ்ல இருந்துண்டா?"

"அந்தப் பக்கம் போனா கண்ணை மூடிண்டுடுவான்."

சக்ரவர்த்தி பராங்குசத்தின் பக்கம் திரும்பினார். "ரயில்வேல இஞ்சினீயர்னு சொன்னா. எந்த ஊருக்குப் போற ரயில்?"

"எந்த ஊருக்கும் போகாது மாமா. வெளியில வந்து நிக்கறதைக் கயித்தைக் கட்டி உள்ளே இழுத்துண்டு வருவோம்."

பொய் சொல்ல வராதவன் பாதி உண்மையைச் சொன்னான். அது முழுப் பொய்யைவிட மோசமாக இருந்தது.

"ரயிலைக் கயித்தாலயா?"

"பாரம் ஜாஸ்தி இல்லையோ" என்றாள் ஹேமாம்புஜம்.

"தினமும் இழுப்பேளா?"

"அலை பெரிசா இருந்தா போக மாட்டோம்."

சொன்ன பிறகுதான் பராங்குசத்துக்கு உறைத்தது. சக்ரவர்த்தி வெற்றிலைத் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"ரயிலுக்கு ஏது அலை?"

"தாமல் ஏரி!" என்றாள் ஹேமாம்புஜம். "ரொம்பினா தண்டவாளம் வரைக்கும் அலை அடிக்குமே."

"நான் இந்த ஏரிக்கரையிலதானே இருக்கேன். இங்கே தண்டவாளமே இல்லையே."

"அதான் அடிச்சுண்டு போயிடுத்து."

அறை வாசலில் களுக்கென்று ஒரு சிரிப்பு. பெண் அம்ருதவல்லி சொஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கத் தெரியாமல் தட்டு அவள் கையில் ஆடியது.

பராங்குசத்துக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப் போயிற்று. பிடித்துப் போனதே சங்கடமாகவும் இருந்தது. காலம் பூராவும் இவளிடம் போய்த் தண்டவாளக் கதை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சட்டென்று எழுந்தான்.

"மாமா, மன்னிக்கணும். நான் ரயில்வேல இல்லை. ஹார்பர்ல கப்பல் இழுக்கற கப்பல்ல இஞ்சினீயர். தினமும் சமுத்திரத்துமேலதான் இருக்கேன். உங்க பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு. பொய் சொல்லிப் பண்ணிக்க மனசு வரலை."

ஹேமாம்புஜம் தலையில் கையை வைத்துக்கொண்டாள். மூன்றாவது சம்பந்தமும் போயிற்று.

சக்ரவர்த்தி ஜமக்காளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. அம்ருதவல்லியின் அம்மா கதவுக்குப் பின்னால் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எழுந்து வாடா, போகலாம்" என்று ஹேமாம்புஜம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

காபிக்குப் பால் கொண்டுவந்த கங்கையம்மாள், நடையில் செம்போடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இதுக்கா சாமி இப்டி பேஸ்தடிச்சாப்புல குந்திக்கினு இருக்கீங்க? நம்ம அம்ருதம்மா ரங்கூன்ல பொறந்து கப்பல்ல வந்தத மாப்ள வூட்டுக்குத் தெரியாம எப்டி மறைக்கறதுன்னுதானே காலைலேந்து நீங்க நடுங்கிக்கினு இருந்தீங்க!"