ஆத்தா விட்டுவைத்த இடம்

கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து செல்வகுமார் "ஐயோ" என்றான். பின்னால் நின்ற மனைவி அஸ்வினி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சரிந்தாள்.

முகம் முழுக்கச் சுட்ட கத்திரிக்காய் நிறம். கண்ணையும் மூக்கையும் சுற்றி மட்டும் முட்டை வடிவில் வெள்ளை.

"படகுல உக்காரும்போதாவது அந்த நீச்சல் மாஸ்க்க கழட்டுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?"

"கழட்டுனா திரும்ப மாட்டத் தெரியாதுடி."

போன வாரம் இருவரும் அந்தமானில் பவளப்பாறைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தார்கள். கல்யாணப் பந்தலுக்குச் சிறகு முளைத்ததுபோல ஒரு யானைத் திருக்கை மீன் அவன் வயிற்றுக்குக் கீழே மெல்லப் போனது. மூச்சுவிடும் குழாயை வாயில் வைத்துக்கொண்டே "அஸ்வினீ!" என்று கத்தி அரை லிட்டர் உப்புத்தண்ணீர் குடித்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்னொரு முறை கருகவும் தயார்.

லீவுதான் சிக்கல். விழுப்புரம் விதைக் கம்பெனியில், அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அம்மை போட்ட வீட்டை யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம்.

மேனேஜர் நெடுஞ்செழியன் கடவுளையும் நம்ப மாட்டார், கிளார்க்கையும் நம்ப மாட்டார். மாமனார் செத்துவிட்டதாக லீவு போட்டவர் வீட்டுக்கு மாலையோடு போய், அந்த மாமனார் கையாலேயே காபி வாங்கிக் குடித்துவிட்டு, அன்றே அவர் சீட்டைக் கிழித்தவர். டெல்லி மீட்டிங் முடிந்து இன்று வருகிறார்.

செல்வகுமார் கருகிய இடமெல்லாம் பவுடர் அப்பினான். கூத்துக் கட்டியக்காரன் போல ஆனது. தேய்த்துக் கழுவினான். வெள்ளை இன்னும் பளிச்சென்றது.

ஆபீஸ் வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மணி நிமிர்ந்தாள்.

"இன்னா சார், மூஞ்சி கருகிப்போச்சு, கண்ணு மட்டும் பளபளன்னு கீது?"

"அது... ஆத்தா எறங்கறப்ப கண்ண மட்டும் உட்டுட்டுப் போயிட்டாக்கா."

துடைப்பம் கீழே விழுந்தது. அம்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள். அவன் நாற்காலியில் உட்காருவதற்குள் கணக்குப் பார்க்கும் கலைப்பிரியா கற்பூரத் தட்டோடு வந்துவிட்டாள்.

"சார், என் தங்கச்சிக்கு எப்ப வரன் அமையும்னு ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

"மேடம், பேஜாரு பண்ணாதீங்க. இதெல்லாம் வெளிய சொல்லக்கூடாதுன்னு ஆத்தாவே சொல்லியிருக்கா."

"ஐயோ, உங்ககிட்ட பேசுறாளா!"

மதியத்துக்குள் கம்ப்யூட்டருக்கு வேப்பிலைத் தோரணம். நிலக்கடலை விதை வாங்க வந்த கிளியனூர் கண்ணையன் செருப்பை வாசலிலேயே விட்டார்.

"சாமி, மல்லாட்டை எப்ப போடலாம்?"

"கெணத்துல தண்ணி இருந்தா போடுங்கண்ணே."

"கெணத்துல தண்ணி வந்துடுமாம்டோய்!" என்று கூவிக்கொண்டே கண்ணையன் தெருவுக்கு ஓடினார். வந்த கூட்டம் தெருமுனை டீக்கடை வரை நின்றது.

அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேனேஜர் வந்தார். கூலிங் கிளாஸ், வாய்க்கு மாஸ்க், காதுவரை இழுத்துவிட்ட குல்லா.

"இன்னாய்யா இது, ஆபீசா, மாரியம்மன் கோயிலா?"

செல்வகுமார் எழுந்தான். வேலை போனது என்று தெரிந்துவிட்டது.

"சார்... உண்மையச் சொல்லிடறேன் சார்."

"சொல்லு! நான் டெல்லிக் குளிர்ல நடுங்கிக்கினு கம்பெனிக்காக மீட்டிங்ல உக்காந்திருந்தா, நீ இங்க குறி சொல்லிக்கினு இருக்கியா?"

கோபத்தில் குல்லா, கிளாஸ், மாஸ்க் மூன்றையும் பிடுங்கி மேசையில் எறிந்தார்.

செல்வகுமாரின் திறந்த வாய் மூடவில்லை. மேனேஜரும் அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தார். ஓங்கிய கை மெல்லக் கீழே இறங்கியது.

அம்மணி குலவையிட்டாள்.

"நம்பாதவருன்னுகூட பாக்காம, டெல்லி வரைக்கும் போயி சாருக்கும் அதே கண்ணு, அதே மூக்க உட்டு வெச்சிருக்கா பாருங்க, ஆத்தா!"