கூழாங்கல்லை அணைத்த செம்போத்து

ஒரு காட்டில், சுற்றுலா வந்த கூட்டம் தவறவிட்டுப் போன செல்போன்கள் மெல்ல மெல்லப் பிராணிகளின் கைக்கு வந்து சேர்ந்தன. அதுவரை மோந்து பார்த்து ஆளை எடைபோட்டவர்கள், அதன் பிறகு புரொஃபைல் போட்டோவைப் பார்த்து எடைபோட ஆரம்பித்தார்கள். கழுதைப்புலி பல்லை மறைத்துக்கொண்டு படம் போட்டது. காட்டெருமை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாகப் போட்டது. நரி எங்கிருந்தோ ஒரு மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டது. அதன் பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது.

அந்தக் காட்டில் செங்கோடன் என்றொரு செம்போத்துப் பறவை இருந்தான். பாம்பு பிடிப்பதில் கெட்டிக்காரன். கண் மட்டும் ரத்தச் சிவப்பு. செம்போத்துக்கு அப்படித்தான் இருக்கும், அதற்கு அவன் என்ன செய்வான்? அவன் மனைவி பாவாயிக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. குடியிருந்த மூங்கில் புதரோ கோடைத் தீயில் எரிந்துபோயிருந்தது. மழைக்கு முன்னால் கூடு கட்ட ஓர் இடம் கிடைத்தாக வேண்டும்.

அப்போதுதான் ஆலமரத்துப் பறவைகள் சங்கத்தின் விளம்பரம் வந்தது. முட்டைகளுக்குக் காவலாள் தேவை, தங்குவதற்கு அடர்த்தியான கீழ்க்கிளை இலவசம், புரொஃபைல் போட்டோ அவசியம்.

"நமக்குன்னே போட்ட மாதிரி இருக்குதுங்க," என்றாள் பாவாயி.

செங்கோடன் உள்ளது உள்ளபடி ஒரு படம் எடுத்து அனுப்பினான். வெகுளி. சங்கத் தலைவி அம்மணியம்மாள் என்கிற மைனா, அவனைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"குடிப்பீங்களா?"

"இல்லீங்கம்மா."

"அப்புறம் கண்ணு ஏன் இப்படி இருக்குது?"

"பொறந்ததுல இருந்தே அப்படித்தானுங்க. எங்கப்பனுக்கும் இப்படித்தானுங்க இருந்துச்சு."

"அப்ப குடும்பமே குடிக்குதா?"

"பாம்பு எத்தனை வந்தாலும் நான் பாத்துக்குவேனுங்கம்மா."

"அதெல்லாம் அப்புறம். படத்தைப் பாத்ததும் மனசுக்கு ஒரு இது வரோணும். உங்க படத்தைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது."

வேலை நாகமாணிக்கத்துக்குப் போயிற்று. அவர் ஒரு நல்லபாம்பு. இதில் ஒளிவுமறைவே இல்லை, படத்திலேயே தெரிந்தது. வெள்ளை வெளேரென்ற ஒரு முட்டையைச் சுற்றிச் சுருண்டு, அதன் மேல் தலையைச் சாய்த்திருந்தார். "எப்படி அணைச்சுட்டிருக்கார் பாருங்க, பெத்தவகூட இப்படி அணைக்க மாட்டா," என்று சங்கமே உருகியது. அந்த முட்டையைப் பெற்றவள் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சில நாளில் மரத்தில் பாதி முட்டைகளைக் காணோம். அம்மணியம்மாளின் கூடும் காலி. கூட்டம் போட்டுக் காற்றைக் குறை சொன்னார்கள், காலம் கெட்டுவிட்டது என்றார்கள். முன்வரிசையில் நாகமாணிக்கம் நகர முடியாமல் உப்பிப்போய்க் கிடந்தார். அன்று சாயங்காலமே தம் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்புப் படமாகப் போட்டார். நடுவில் ஓர் அகல்விளக்கு. அதைப் பார்த்து அம்மணியம்மாள் விம்மி விம்மி அழுதாள். "நம்ம துக்கத்தை வேற யாருங்க இப்படித் தன் துக்கமா எடுத்துக்குவாங்க?" என்று சொல்லி, மனம் தேறி வரும்படி அவருக்கு விடுப்புக் கொடுத்து அனுப்பினார்கள். மண்டைக்குள் களிமண் இருந்தால்கூட ஒரு செடியாவது முளைத்திருக்கும். இவர்களுக்கு அதுவும் இல்லை.

காவல் வேலை மறுபடி காலியானது. "வானம் கருக்குது. அந்தக் கண்ணை என்னமாச்சும் பண்ணுங்க," என்றாள் பாவாயி. செங்கோடன் மந்தி நடத்தும் ஸ்டூடியோவுக்குப் போனான்.

"கண்ணை மூடிக்க," என்றது மந்தி. "சிவப்பு தெரியாது. ரெக்கையால முட்டையை அணைச்சுக்க."

"முட்டைக்கு நான் எங்கீங்க போவேன்?"

மந்தி ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை எடுத்து நீட்டியது. "நாகமாணிக்கத்துக்கு நெசமான முட்டைதான் குடுத்தேன். படம் புடிச்சு நிமிர்றதுக்குள்ள முழுங்கிட்டான். அதுல இருந்து எல்லாருக்கும் கல்லுதான்."

படம் போட்ட சூட்டோடு வேலை கிடைத்தது. அம்மணியம்மாளே இறங்கி வந்து வரவேற்றாள். "உங்களை முன்னாடியே தெரியாமப் போச்சே! ஒண்ணே ஒண்ணுங்க. வேலை நேரத்துல படத்துல இருக்கற மாதிரியே இருக்கோணும். கண்ணைத் தொறந்துடாதீங்க, குஞ்சுக மிரண்டுக்கும்."

"கண்ணை மூடிட்டு எப்படிங்கம்மா காவல் காக்கறது?"

"அதை நாங்க பாத்துக்கறோம்."

கீழ்க்கிளையில் பாவாயி கூடு கட்டினாள், முட்டையிட்டாள். செங்கோடன் கண்ணை மூடி, கல்லை அணைத்தபடி வாசலில் உட்கார்ந்திருந்தான். வருகிறவர் போகிறவரெல்லாம் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பாம்புக்கு எமனாக இருந்தவனுக்கு அது வெட்கக்கேடாகத்தான் இருந்தது. ஆனாலும் பாவாயி நனையாமல் இருந்தாள், அதனால் பொறுத்துக்கொண்டான்.

ஒரு மழைநாளில் மரப்பட்டையில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. யாரென்று அவனுக்குத் தெரியும். விடுப்பு முடியும் முன்பே நாகமாணிக்கத்துக்குப் பசித்துவிட்டது. கண்ணைத் திறந்தால் கிளை போய்விடும். செங்கோடன் கல்லை இன்னும் இறுக்கிக்கொண்டான். சத்தம் அவனைத் தாண்டிக் கீழ்க்கிளைக்குள் நுழைந்தது.

"ஏனுங்க!" என்று பாவாயி அலறினாள்.

கண்ணைத் திறந்தான். கல் நழுவிக் கீழே விழுந்தது. பிறகு நடந்தது செம்போத்துக்குப் பழகிய வேலை. நாகமாணிக்கம் படம் கிழிந்து, வால் அறுந்து, விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். மரத்தில் ஒரு முட்டைக்கும் சேதமில்லை.

பறவைகள் கூடின. இறகெல்லாம் பிய்ந்து, சிவந்த கண் விரிய, மூச்சு வாங்க நின்றான் செங்கோடன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தான், பாவம்.

"இது யாரு?" என்றாள் அம்மணியம்மாள்.

"நானுங்கம்மா, செங்கோடன்."

அவள் செல்போனை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, அதையும் இதையும் மாறிமாறிப் பார்த்தாள். "அதே குடிகாரக் கண்ணு! படத்தைக் காட்டி ஏமாத்திட்டீங்க."

"பாம்பு வந்துச்சுங்கம்மா!"

"வரட்டும். முட்டை எங்கே?"

"எல்லாம் கூட்டுல பத்திரமா இருக்குதுங்க."

"அதில்லை. படத்துல இருந்த முட்டை."

"கீழே விழுந்துருச்சுங்க. அது வெறும் கல்லுங்கம்மா."

"பாத்தீங்களா! முட்டையைக் கீழே போட்டதுமில்லாம கல்லுங்கறான்."

கொட்டுகிற மழையில் இருவரையும் துரத்திவிட்டார்கள். முட்டைகளை இலையில் பொதிந்து எடுத்துக்கொண்டு, ஒரு பாறை இடுக்கில் போய் ஒண்டினார்கள். சாயங்காலம் போனில் நாகமாணிக்கத்தின் புதுப் படம் வந்தது. தலையில் கட்டு, வாலில் கட்டு, கீழே 'கடமையில் காயம்' என்று ஒரு வரி. முதல் லைக் அம்மணியம்மாளுடையது. நாளையே வேலையில் சேரும்படியும் அவள் எழுதியிருந்தாள்.

மறுநாள் ஆலமரத்துப் பக்கம் அழுகுரல் கேட்டது. செங்கோடன் துடித்துக்கொண்டு எழுந்தான். பாவாயி அவன் இறக்கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"கண்ணை மூடிக்கங்க," என்றாள்.

நீதி: காவலுக்குப் போகிறவர்கள் படத்தில் இருக்கும் முட்டையை மட்டும் காப்பாற்றவும். அது கல்லாக இருந்துவிட்டால் இன்னும் நல்லது. பாம்பும் தொடாது, வேலையும் போகாது.