நண்டுகள் முன்னோக்கி ஓடுவது தொடர்பாக

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை அந்தத் தீவில் நண்டுப் பந்தயம் நடக்கும். அதை நடத்தச் சொல்லி யாரும் உத்தரவு போட்டதில்லை. ஆகவே அது ஒழுங்காக நடந்துவந்தது.

சதுப்புக்காட்டில் பிடித்த நீல நண்டை நூலில் கட்டி, குச்சியும் கையுமாகப் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போக வேண்டும். ஜெயித்த நண்டு உயிரோடு காட்டுக்குத் திரும்பும். அதன் சொந்தக்காரருக்குத் தென்னங்கீற்றுக் கிரீடம். தோற்ற நண்டுகள் தேங்காய்ப்பால் குழம்புக்குப் போகும். தன் நண்டின் முதல் வாயைத் தோற்றவரே தின்ன வேண்டும், மனசில் வன்மம் இல்லை என்று ஊருக்குக் காட்ட.

மீன் வெட்டும் வெர்லீன் குவாஷி வன்மம் இல்லாதவள் என்பதை ஊர் வருஷா வருஷம் பார்த்திருக்கிறது. இந்த முறை அவளுக்கு ஒரு நல்ல நண்டு அகப்பட்டது. யாரைப் பார்த்தாலும் குற்றவாளியைப் பார்ப்பதுபோலக் கண்ணைத் தூக்கிப் பார்க்கும் என்பதால் அதற்கு மாஜிஸ்திரேட் என்று பெயர் வைத்தாள். அதைத் தன் கையாலேயே காட்டில் விட வேண்டும் என்பது அவள் ஆசை. இரவு தூங்கும்போதுகூடக் கூடையைக் கட்டிலடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சொகுசுக் கப்பல் ஒன்று வருகிறது என்றதும் அரசாங்கம் விழித்துக்கொண்டது. அருவி, காடு, பவளப்பாறை எல்லாம் இயற்கை எழில் துறைக்கு உட்பட்டவை. ஆட்டம், பாட்டம், சாப்பாடு ஆகியவை பண்பாட்டுத் துறைக்கு உட்பட்டவை. நண்டு யாருடையது? பல கூட்டங்கள் கூடி, பல தட்டு மீன் வறுவல் காலியான பிறகு, நண்டு சும்மா இருக்கும்வரை இயற்கை என்றும், ஓட ஆரம்பித்தால் பண்பாடு என்றும் தீர்மானமானது.

பயணிகளுக்கான வண்ணப் புத்தகமும் அச்சாகிவிட்டது. அதில் நண்டுகள் முகத்தைக் காட்டியபடி பாய்ந்து வந்தன. வரைந்தவர் குதிரைப் பந்தயம் மட்டுமே பார்த்தவர்.

இயற்கை எழில் துறை உதவி இயக்குநர் எவரார்ட் பில்கிரிம் நேரில் வந்து ஊராரைக் கூட்டினார்.

"நண்டு எல்லாம் எல்லைக்கோட்டைப் பார்த்து நிக்கணும். பார்த்த திசையிலதான் ஓடணும்."

"சார், நண்டு பக்கவாட்டுலதானே போகும்?" என்றாள் வெர்லீன்.

"எவ்வளவு காலமா?"

"பொறந்ததுலேருந்து சார்."

"அதான் பிரச்சினையே. இவ்வளவு நாளா யாரும் அதுக்கு எடுத்துச் சொல்லல."

"அதோட ஆத்தாளும் அப்படித்தான் சார் நடந்தா," என்றான் குழம்பு வைக்கும் ஆல்ட்வின்.

"சாக்குப்போக்கு வேண்டாம். பயிற்சி குடுங்க. அதுக்குத்தான் ஒரு வாரம் ஒதுக்கியிருக்கோம்."

வெர்லீன் இரண்டு பலகைகளுக்கு நடுவே விட்டுப் பயிற்சி கொடுத்தாள். மாஜிஸ்திரேட் பலகையில் ஏறி அவள் கட்டைவிரலைக் கவ்வியது.

செவ்வாய்க்கிழமை விதிப்படி எல்லா நண்டுகளும் எல்லைக்கோட்டைப் பார்த்து நிறுத்தப்பட்டன. விசில் ஊதியதும் எல்லாம் பக்கத்து நண்டின் மேல் பாய்ந்தன. நூலும் காலும் சிக்கி ஒரே குவியல். இதுதான் பாரம்பரியம் போலிருக்கிறது என்று பயணிகள் கைதட்டினார்கள். அந்தக் குவியலிலிருந்து மாஜிஸ்திரேட் வெளியே வந்தது, தானாகவே திரும்பிக்கொண்டது, பக்கவாட்டில் பறந்து போய்க் கோட்டைத் தாண்டியது. வெர்லீன் குச்சியை வீசிவிட்டு, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறாள், அழாமல் என்ன செய்வாள்!

பண்பாட்டுத் துறை மேடம் கார்டீலியா பாப்டிஸ்ட் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ஓடினது வாஸ்தவம். ஆனா முகம் கடலைப் பார்த்து இருந்துச்சு. அப்போ அது கடலுக்குத்தான் ஓடியிருக்கு. கடலுக்கு இன்னும் போய்ச் சேரல."

"அப்போ யாரு ஜெயிச்சது?" என்று வெர்லீன் கத்தினாள்.

எல்லைக்கோட்டை ஒட்டி வரவேற்பு மேசை. அதன்மேல் துறை சுண்ணாம்பில் செய்வித்த நண்டு பொம்மை ஒன்று, காலையிலிருந்தே எல்லைக்கோட்டில், விதிப்படி முகத்தை வைத்துக்கொண்டு இருந்தது. அதுவே வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. மரபுப்படி அதைக் காட்டில் விட பில்கிரிம் கால்சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நண்டு நேராக அடியில் போய்ச் சேர்ந்தது.

"அநியாயம்!" என்று ஊரே கொதித்தது. ஆல்ட்வின் அடுப்பிலும் குழம்பு கொதித்தது. வெர்லீன் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் நண்டைத் தொட்டா கையை ஒடிச்சிருவேன்!"

"அநியாயம்தான் அக்கா, யாரு இல்லேங்கறா?" என்றாள் பக்கத்து வீட்டு இஸ்மே. "மனு போடுவோம், ஊரே கையெழுத்துப் போடும். ஆனா வெறும் வயித்துல என்ன மனு எழுதறது?"

"கூட்டம் ஜாஸ்தி, நண்டு பத்தாது," என்றான் ஆல்ட்வின்.

"ஏன், இந்த வருஷம் மனசுல வன்மம் வெச்சிருக்கியாக்கும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

அந்த ஒரு பேச்சைத்தான் வெர்லீனால் தாங்க முடியாது. கூடையைத் திறந்தாள். ஊர் வழக்கப்படி முதல் வாயும் அவளே தின்றாள்.

எல்லோர் தட்டிலும் குழம்போடு போட்ட மாவு உருண்டை பாதி காலியாகியிருந்தபோது மேடம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேலிடத்துலேருந்து போன்! கப்பல்காரங்களுக்கு அந்தப் பக்கவாட்டு நண்டைத்தான் ரொம்பப் புடிச்சுதாம். தீர்ப்பை மாத்தியாச்சு, மாஜிஸ்திரேட்தான் ஜெயிச்சுது! எங்க அது? உயிரோட காட்டுல விடற மாதிரி போட்டோ வேணுமாம்."

மென்றுகொண்டிருந்த வாயெல்லாம் நின்றது. பில்கிரிம் மட்டும் கடைசியாக நிறுத்தினார்.

"ஒரு கொடுக்கு சார் வாயில இருக்கு மேடம்," என்றாள் வெர்லீன். "இன்னொண்ணு உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கு."

மேடம் யோசித்தார். ஆறிவிடும் என்று ஆல்ட்வின் சொன்னதும் உட்கார்ந்தார். யாரோ தென்னங்கீற்றுக் கிரீடத்தை எடுத்துவந்து வெர்லீன் தலையில் வைத்தார்கள். போராடினால் நியாயம் கிடைக்கும் என்று ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, எலும்பில்லாத அந்த நியாயத்தின் ஓட்டைத் தட்டோரம் ஒதுக்கினார்கள்.

"எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார் மேடம், கொடுக்கைக் கடித்தபடி.

வெர்லீன் வாயிலிருந்ததை விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நியாயம் நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றாள். "உப்புதான் ஒரு கல்லு கம்மி."