ஒண்ணரைச் சுத்தும் என் பெஞ்சுக் காலும்

பயப்படுவதற்கென்றே சம்பளம் வாங்கியவர் இந்தக் கடலோரத்தில் எங்கள் ஒண்ணரைச் சுத்து ஒருவர்தான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு பெரிய விடுதியின் கேட்டில் அவர் வாட்ச்மேன். நாய் குரைத்தால் கேட்டுக்கு உள்ளே போய் நின்றுகொள்வார். அலைச் சத்தம் கொஞ்சம் கூடினால் எதிரே இருக்கும் என் இட்லிக் கடைக்கு வந்துவிடுவார்.

"யக்கா, கடலு கிட்ட வர்ற மாதிரி கீதே."

"வந்தா நாலு இட்லி குடுத்து அனுப்புறேன். நீ போயி கேட்டப் பாரு."

எனக்குப் பயம் என்பதே கிடையாது. அப்படித்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது நல்ல தாட்டியான ஆள். பிறகு என்னவோ மெலிய ஆரம்பித்தார். கம்பெனி பெல்ட் இடுப்பைச் சுற்றியது போக, மீதி வால் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தது. ஆட்டோக்காரர்கள் உடனே ஒண்ணரைச் சுத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் அவரை உறுத்தவில்லை. திங்கட்கிழமைதான் உறுத்தியது. அன்றைக்குச் சூப்பர்வைசர் எல்லா வாட்ச்மேனையும் வரிசையில் நிறுத்தித் தொப்பி முதல் பூட்ஸ் வரை பார்ப்பார். உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் வேலை போகும். ஆசுபத்திரிக்கு அனுப்பினால் ஊசி. இரண்டில் எது பெரிய பயம் என்று அவருக்கே தெரியாது.

ஆணியால் புது ஓட்டை போட்டுப் பார்த்தார். பழைய ஓட்டைகளின் மடிப்புக் கோடுகள் காட்டிக் கொடுத்துவிட்டன.

"மாசத்துக்கு ஒரு ஓட்ட தாண்டிகினு போறியே, இன்னாய்யா சமாச்சாரம்?" என்றாராம் சூப்பர்வைசர்.

"பெல்ட்டு வளருது சார்."

சூப்பர்வைசர் ஒரு புது பெல்ட்டைக் கையில் கொடுத்தார். "இதுவும் வளந்துச்சின்னா நீ வூட்டுக்குப் போயிடு."

அதைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. ஆனால் எதை எங்கே வெட்டுவது என்று தெரியும். "ஓட்டப் பக்கம் கை வெக்காத. கொக்கியக் கழட்டு. அந்தப் பக்கம் வெட்டினா ஒருத்தனுக்கும் தெரியாது" என்றேன். கொக்கியின் பல்லை நெம்பித் திறந்து, அரிவாள்மனையில் நாலு விரற்கடை வெட்டி, மறுபடி பல்லைத் தட்டி மூடினேன். மூன்றாம் ஓட்டையில் கச்சிதமாக நின்றது. திங்கட்கிழமை தப்பித்தார்.

அடுத்த மாதமும் வந்தார். "யக்கா, ரெண்டு விரலு." வெட்டினேன். அதற்கடுத்த இரண்டு மாதமும் இரண்டிரண்டு விரல். வரும்போதெல்லாம் என் குடத்துத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தார். வெட்டிய துண்டை எறிவானேன் என்று, ஆடிக்கொண்டிருந்த என் கடை பெஞ்சின் காலுக்கு அடியில் வைத்தேன். துண்டின்மேல் துண்டு சேர்ந்தது.

ஒரு நாள் காலை, மீன் விற்றுவிட்டு வந்த ஒருவர் தட்டோடு உட்கார்ந்தார். சாம்பார் அவர் மடிக்கு வந்தது.

"இன்னா ஆயா, பெஞ்சு படகு கணக்கா சாயுது?"

குனிந்து துண்டுகளை உருவினேன். ஐந்து இருந்தன. வரிசையாக வைத்துக் கையை விரித்து அளந்தேன். சரியாக ஒரு சாண். ஒரு மனிதரில் ஒரு சாண் என் பெஞ்சுக் காலடியில் கிடந்தது. வெட்டிப் போட்டது நான். அளவு தப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு மறுபடி அளந்தேன். அதே சாண்தான்.

அந்த நேரம் பார்த்து ஒண்ணரைச் சுத்து வந்தார். "யக்கா, ரெண்டு விரலு."

"வெட்ட மாட்டேன். கெளம்பு, செங்கல்பட்டு பெரியாசுபத்திரிக்குப் போறோம்."

"திங்கக்கெழம வரிச கீதுக்கா."

"வரிசைல நிக்க ஆளு வேணும்ல."

பஸ் திருக்கழுக்குன்றத்தில் நின்றதும் இறங்கி ஓட எழுந்தார். பின்னாலிருந்து பெல்ட்டைப் பிடித்தேன். இரண்டு விரல் தளர்ச்சி இருந்ததே, என் விரல்கள் அதில் சரியாக நுழைந்தன. செங்கல்பட்டு வரும்வரை விடவில்லை.

ரத்தத்தில் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. "இன்னும் பத்து நாள் விட்டிருந்தா ஆள் தாங்கியிருக்க மாட்டாரும்மா. நீங்க இவருக்கு யாரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பெல்ட் வெட்டறவ" என்றேன்.

ஊசி போடும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நானும்தான்.

அவரை வார்டில் படுக்க வைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வரிசைக்கு நான் போனேன். ஐந்து துண்டுகளையும் சூப்பர்வைசர் மேசைமேல் அடுக்கினேன். "உங்க பெல்ட்டு வளரல தம்பி. ஆளுதான் கொறைஞ்சிட்டான்."

அவர் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு வருகைப் பதிவேட்டைத் திறந்தார். "லீவுன்னு எழுதிக்கிறேம்மா. ஒடம்பு தேறி வரட்டும்" என்றார்.

இப்போது உடம்பு தேறிக் கேட்டுக்குத் திரும்பிய ஒண்ணரைச் சுத்துக்கு வேறு பெல்ட். மாத்திரை டப்பா சட்டைப் பையில். கடலுக்கு இன்னமும் பயப்படுகிறார். பெஞ்சு பழையபடி ஆடுகிறது. காலுக்கு அடியில் எதையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. காலையில் அவர் வந்து உட்கார்ந்தால் அவர் பாரத்துக்கு அது கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்ட பிறகுதான் முதல் ஈடு இட்லியை இறக்குகிறேன்.