மணிலா வண்டி மண்டி மொஹல்லாவில் நின்ற கதை

வெளிநாடு போய்வந்தவர்களைக் கொஞ்ச காலத்துக்கு யாராலும் சகித்துக்கொள்ள முடியாது. நான் மணிலாவில் இருந்தது கல்லூரிப் பரிமாற்றத்தில் ஒரே ஒரு பருவம்தான். ஆனால் மைசூருக்குத் திரும்பி வந்ததும், சோற்றைப் பிசைந்துகொண்டே "அங்கெல்லாம்..." என்று ஆரம்பித்துவிடுவேன். அண்ணன் செந்தில் தட்டோடு எழுந்து டிவி பக்கம் போய்விடுவான்.

குற்றம் என்னுடையது மட்டுமல்ல, அந்த ஊர் வண்டிகளுடையதும்தான். ஜீப்னி என்று ஒன்று ஓடும். பழைய ஜீப்பை ரப்பர் மாதிரி இழுத்து நீட்டி, உடம்பெல்லாம் படம் வரைந்து, பிள்ளைகள் பெயரையெல்லாம் எழுதிவைத்த குட்டி பஸ். பின்னால் உட்கார்ந்தவர் கொடுக்கும் காசு கைமாறிக் கைமாறி டிரைவரிடம் போகும், மீதியும் அப்படியே திரும்பி வரும். இன்னொன்று டிரைசிக்கிள். பைக்கின் பக்கத்தில் கூரை போட்ட சைடுகார் ஒன்றை இணைத்து, பளபளவென்று தகடு அடித்திருப்பார்கள். விலையும் குறைவு, அழகுக்கும் குறைவில்லை. வாகன வடிவமைப்பு படிக்கும் பெண்ணுக்குக் காதல் வர வேறென்ன வேண்டும்?

கடைசி வருடத் திட்டத்துக்கு அதையே எடுத்துக்கொண்டேன். எளியவர்கள் வாங்கக்கூடிய, பார்த்தவர்கள் திரும்பிப் பார்க்கிற சைடுகார் வண்டி. பைக் அண்ணனுடையது (கூரையில் அவன் பெயரைப் பெரிதாக எழுதவேண்டும் என்ற நிபந்தனையுடன்). மணிலாவில் எடுத்த படங்களையும் அளவுகளையும் வைத்து, ஆணி பிசகாமல் பட்டறையில் செய்யவைத்தேன். குரோம் தகடு வாங்க வசதியில்லாததால் முன்பக்க அலங்காரத்துக்கு வீட்டு எவர்சில்வர் தட்டுகளைப் பொருத்தினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

தேர்வாளர் ஹேமா மேடம் கல்லூரி மைதானத்தில் வண்டியைச் சுற்றி வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கு மண்டி மொஹல்லாவுல டெய்லர்கிட்ட போகணும். அங்க கொண்டுபோய் ஒழுங்கா எறக்கி விடு. எறக்கிட்டா பாஸ்."

பட்டம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் நாலு வருடம் படித்திருக்கவே மாட்டேன். அண்ணன் என் பின்னால் தொற்றிக்கொண்டான். வண்டிமேல் சந்தேகமில்லை, என்மேல்தான்.

போகும்போது ராஜமரியாதை. ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், ஸ்கூல் பிள்ளைகள் கையசைத்தார்கள். மண்டி மொஹல்லாச் சந்துக்குள் நுழைந்து, டெய்லர் கடைக்கு நேராக, சாலையின் இடது ஓரத்தில் வெங்காய மூட்டைகளை உரசினாற்போல் நிறுத்தி, "வந்தாச்சு மேடம்!" என்றேன்.

மேடம் காலை வெளியே வைத்தார். ஒரு ஆட்டோ சர்ரென்று போனது. காலை உள்ளே இழுத்தார். மறுபடி வைத்தார். ஸ்கூட்டர். மறுபடி இழுத்தார்.

"ஏம்மா, நடுரோட்டுல நான் எப்படி எறங்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிலிப்பைன்ஸில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். அதனால் சைடுகார் வலப்பக்கம். இறங்கினால் நடைபாதை. நாம் போவது இடப்பக்கம். நான் அதே வலப்பக்கத்தில் மாட்டி, மேடத்தைப் போக்குவரத்தின் நடுவில் உட்காரவைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் பைக், அதையடுத்து வெங்காய மூட்டை. மைதானத்துக்கு ஏது இடமும் வலமும்? அங்கே தெரியவில்லை.

"உனக்குத் தெரியலையாடா?" என்று அண்ணன்மீது பாய்ந்தேன்.

"தெரிஞ்சுது. பட்டறையில எல்லாருக்குந்தான் தெரிஞ்சுது. டிசைன் படிச்ச புள்ள, எதுக்கோ வெச்சிருப்பான்னு விட்டுட்டோம்."

அதற்குள் பின்னால் ஒரு புளி லாரி, அதன் பின்னால் ஊரே நின்றது. ஹாரன் சத்தத்தில் போக்குவரத்துக் காவலர் வந்து சேர்ந்தார். கன்னடத்தில் திட்டிக்கொண்டே முன்பக்கம் போனவர், தட்டைப் பார்த்ததும் குனிந்தார். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவோம் அல்லவா? தமிழ் எழுத்தை விரலால் தடவிப் படித்தார்.

"ஏனம்மணி, கமலாங்கறது ஆரு?"

"எங்கம்மா சார்."

"எங்க அவங்க?"

"வீட்டுல தட்டைத் தேடிக்கிட்டு இருப்பாங்க சார்."

"எந்தூரு நீங்க?"

"மார்டள்ளி சார்."

"அட, பக்கந்தான், நான் ஹனூரு" என்றார். முறைப்பு பாதியாகக் குறைந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதைப் பார்த்து மீதியும் போய்விட்டது. "அழுவாத அம்மணி. இப்ப என்ன, டீச்சரம்மா எறங்கோணும், அவ்வளவுதானே?"

வெங்காயக் கடை பாய் கல்லாவை விட்டு இறங்கி வந்து, "நில்ஸப்பா, நில்ஸு!" என்று ஆட்டோக்களை மறித்தார். மேடம் அந்த இடைவெளியில் குதித்திருக்கலாம். ஆனால் பட்டுச் சேலையும் முழங்கால் வலியும் அதற்கு ஒப்பவில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் வந்து ஓரத்து வெங்காய மூட்டைகளை நகர்த்தினார்கள். காவலர் சொன்னதும் பைக், சைடுகார், அதற்குள் மேடம் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கினார்கள். கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மேடம் உற்சவ அம்மன் போல அசைந்தார். வண்டியை அப்படியே திருப்பி, வந்த திசையைப் பார்க்க வைத்தார்கள். சைடுகார் கடைப் பக்கம் வந்தது. மேடம் நேராக டெய்லர் கடைப் படியில் கால்வைத்தார். சந்தே கைதட்டியது.

நானும் தட்டினேன். மேடம் திரும்பிப் பார்த்தார்.

"எறக்கினா பாஸ்னு சொன்னேன். எறக்கினது நீ இல்லை."

அன்று நான் ஃபெயில். ஆனால் அண்ணனின் பைக்கைப் பறிமுதல் செய்ய எல்லா நியாயமும் இருந்தும், காவலர் சைடுகாரைக் கழற்றவைத்து, பைக்கை எங்களிடம் விட்டார். பாய் அந்தச் சைடுகாரைத் தன் வண்டியில் ஏற்றிக் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். தேர்வுக் குழுவில் எல்லோரும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்னபோது, எனக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர் ஹேமா மேடம். இடப்பக்கம் மாட்டிய இரண்டாவது வண்டியில் முதலில் ஏறியவரும் அவரே. இன்று நான் வண்டி வடிவமைத்துப் பிழைக்கிறேன் என்றால் அது என் மூளையால் இல்லை. தப்பு செய்த பெண்ணைத் திட்டிவிட்டு, தூக்கியும் விட்ட அந்தச் சந்தால்தான். நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

போன வருடம் எனக்குக் கல்யாணம். மணமேடைக்கு வந்ததும் ஐயர், "பொண்ணு மாப்பிள்ளைக்கு வலப்பக்கமா உக்காரும்மா" என்றார்.

பின்னாலிருந்து அண்ணன் மண்டபம் முழுக்கக் கேட்கிறாற்போல் கத்தினான்: "சாமி, அவகிட்டப் பக்கமெல்லாம் சொல்லாதீங்க! நாலு பேர் சேர்ந்து தூக்கி உக்கார வெச்சிருங்க!"

முன்வரிசையில் ஹேமா மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தாலி கட்டும் படத்தில் பெண் தலைகுனிந்திருப்பதுதானே வழக்கம்? எங்கள் ஆல்பத்தில் என் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது.