வலிக்காத பல்லின் சொந்தக்காரர்

கண்ணாடிக்காகப் பல் தேய்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. பல்லே தேய்க்காதவரைக்கூடத் திருத்திவிடலாம் ஐயா. இவரைத் திருத்த அந்தக் கடவுளாலும் ஆகாது. ஏனென்றால் இவர்தான் தேய்க்கிறாரே!

எங்கள் உபேராபா ஊரில் மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலகமே பிரஷ்ஷும் கையுமாகக் கழுவறைக் கண்ணாடி முன் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையின் நடுநாயகம் பத்திரப் பதிவுப் பிரிவு ஜெனேசியோ. சோறும் பீன்ஸும் தொண்டையை விட்டு இறங்குவதற்குள், ஜிப் வைத்த தோல்பையைத் திறந்து, பட்டாணி அளவு போதும் என்கிற பேஸ்ட்டைப் பல்லி நீளத்துக்குப் பிதுக்கி, முன்பற்களை மட்டும் மரம் அறுக்கிற வேகத்தில் இழு இழு என்று இழுத்து, நுரை வழிய வழியப் பக்கத்தில் நிற்பவருக்குப் பல் சுத்தம் பற்றி உபதேசமும் செய்வார். கடைவாய்ப் பற்களா? அவைதான் கண்ணாடியில் தெரிவதில்லையே!

ஒருநாள் நுரை சிவந்தது. "புது பிரஷ்ஷு, அப்படித்தான் இருக்கும்," என்றார். பிரஷ்ஷை மாற்றினார், பேஸ்ட்டை மாற்றினார், மாதுளந்தோல் கஷாயத்தில் கொப்பளித்தார். சிவப்பு போகவில்லை. உடனே ஒரு மகா யோசனை உதித்தது. ரத்தம் வருகிற ஈறோரத்தைத் தொடாமல் பல்லின் நுனியை மட்டும் தேய்க்க ஆரம்பித்தார். பார்த்தீர்களா, ரத்தம் குறைந்துவிட்டது! அன்றைய உபதேசம் கூடுதலாகப் பத்து நிமிஷம் நீண்டது.

மனைவி ஜுசாரா நம்பவில்லை. பல் டாக்டர் லூசிமாராவின் நாற்காலியில் அவரைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.

"ஈறுக்கு அடியில காறை கட்டிப்போச்சுங்க," என்றார் டாக்டர். "ரத்தம் வர்ற இடத்தைத்தான் மெதுவா, விடாம தேய்க்கணும். இடுக்குல நூல் விட்டு எடுக்கணும். முன்பல்லு ஒண்ணு லேசா ஆடுது. நாலு தடவை வந்தீங்கன்னா அடிவரைக்கும் சுத்தம் பண்ணி அதைக் காப்பாத்திடலாம்."

"வலியே இல்லையே டாக்டர்!"

"வலி வரட்டும்னு உக்காந்திருந்தா, வலிக்கிறதுக்குப் பல்லு இருக்காது."

ஜெனேசியோ பெரிதாகத் தலையாட்டினார். அப்புறம்? கார்னிவல் முடியட்டும் என்றார். ஈஸ்டர் கழியட்டும் என்றார். ஜூன் திருவிழா போகட்டும் என்றார். டாக்டர் கொடுத்த பல்லிடுக்கு நூல் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அலுவலகத்து ஜூன் திருவிழாவுக்குக் காகிதக் கொடி கட்ட நூல் போதவில்லை. மனிதர் முழுச் சுருளையும் தாராளமாக எடுத்து நீட்டினார். கூடம் முழுக்கப் புதினா வாசனை.

ஜூன் திருவிழாவில் பட்டிக்காட்டு வேஷம் போட்டு, பொய்க் கல்யாணம் நடத்தி ஆடுவோம். பல் போன களை வரவேண்டுமென்று ஆளாளுக்கு ஒரு முன்பல்லில் கறுப்பு மை தீற்றிக்கொள்வோம். மாப்பிள்ளை ஜெனேசியோ மட்டும் மறுத்துவிட்டார்.

"இந்தச் சிரிப்புக்காகத்தானே பத்து வருஷமா என்னையே மாப்பிள்ளையா நிறுத்தறீங்க? இதுல போய் மை பூசுவேனா?"

பாதிரியார் வேஷக்காரர் "பெண்ணை ஏத்துக்கச் சம்மதமா?" என்று கேட்டார். கடலைமிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை, பதில் சொல்ல அதை வாயிலிருந்து எடுத்தார். பல்லும் மிட்டாயோடு வந்துவிட்டது.

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. "மாப்ளே, உன் மைதான்டா அசல்!" என்று கத்தினான் காசாளர் வால்மோர். "யாருப்பா போட்டுவிட்டது? எங்களுக்கும் சொல்லேன்!"

ஆட்டம் முடிந்ததும் நாங்களெல்லாம் பல்லை அழுத்தித் துடைத்தோம்; மை போய்விட்டது. ஜெனேசியோ வாயைப் பொத்திக்கொண்டு, புதினா வாசனைக் கொடிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"வலிக்கவே இல்லையே, ஜுசாரா," என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

நமக்கென்ன, நாம்தான் தினமும் இருவேளை தேய்க்கிறோமே என்கிறீர்கள். நல்லது. ஆனால் இன்று காலை துப்பிய கையோடு, நுரையின் நிறத்தைக் குனிந்துகூடப் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டீர்களே, ஏன்? சரி, அது போகட்டும். இப்போது உங்கள் நாக்கு எதற்காக அந்த முன்பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது?