மாலை 4.10க்குக் கழற்றிய போல்ட்

என் மேசை இழுப்பறையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில், ஒரு பெரிய போல்ட் கிடக்கிறது. அதன் கழுத்தில் சணல் நூலால் கட்டிய பழுப்புக் காகிதச் சீட்டு. அதில் என் கையெழுத்தில் தேதியும் நேரமும்: "7-8-89, மாலை 4.10." ஏழுக்கு முன்னால் ஏதோ ஓர் இலக்கம் கிரீஸில் மூழ்கிவிட்டது. அந்த ஆகஸ்டில் ஏழாம் தேதி திங்கள், பதினேழு வியாழன். இரண்டு நாளும் நான் வேலைக்குப் போயிருக்கிறேன். ஆகவே இருபத்தேழு, ஞாயிற்றுக்கிழமை. தேதி விஷயத்தில் நான் இவ்வளவு கறார். (அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் என்பாள் என் மனைவி ஸ்டெல்லா.)

ஒப்புக்கொள்கிறேன். ஒன்று எப்போது நடந்தது என்று எழுதி வைத்துவிட்டால் அது எனக்குப் புரிந்துவிட்டது என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு பழைய பிக்கப் வண்டியில் அடிபட்டு உடைந்தது.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி எட்டு மாதம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. ஆவடி சேக்காட்டில் குடித்தனம். மனைவி வீட்டார் என்னை மரியாதையாகத்தான் நடத்தினார்கள், ஆனால் ஃப்யூஸ் போனால் என்னிடம் சொல்ல மாட்டார்கள். "அவர் படிக்கட்டும், தொந்தரவு பண்ணாதீங்க" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவார்கள். கையால் ஒரு காரியம் செய்து காட்டவேண்டும் என்ற ஏக்கம் அப்படித்தான் உள்ளே ஊறியது.

அந்த ஜூலையில் ஒரு காலை, திருவேற்காட்டில், பனியா புகையா என்று சொல்ல முடியாத ஒரு வெளுப்புக்குள் அந்த வண்டி நின்றிருந்தது. ஒரு பூ வியாபாரியின் பழைய பிக்கப். மங்கிய நீலம். பின்பக்கத் தொட்டியில் பலகை இடுக்குகளில் புல் முளைத்து, புல்லில் மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. கதவைத் திறந்ததும் வருஷக்கணக்காக ஏற்றிய சம்பங்கி மூட்டைகளின் வாசனை, யாரோ தூக்கத்தில் விட்ட மூச்சு மாதிரி வெளியே வந்தது. நான் எஞ்சினைப் பார்க்கவில்லை. டயரைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார, ஏரி ஏரியாக மெல்ல ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். வாங்கிவிட்டேன். வீட்டில், "எஸ்டேட்டுக்கு லோடு அடிக்கலாம்" என்று சொன்னேன். வண்டி ஒரு டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டுண்டு சேக்காடு வந்து சேர்ந்தது.

இதோடு நின்றிருந்தால் நஷ்டம் எனக்கு மட்டும். ஆனால் எங்கள் பங்குக் கோயிலில் செப்டம்பரில் மாதா திருவிழா. பூவும் விளக்குமாக ஜோடித்த மாதா சுரூபத்தை ஒரு வண்டியில் ஏற்றி, தெருத்தெருவாகப் பவனி போவோம். வழக்கமாக வரும் லாரியை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார் என்று திருவிழாக் கமிட்டியில் சொன்னார்கள். முகூர்த்த நாள், வேறு வண்டி எதுவும் கிடைக்கவில்லை. நான் எழுந்து நின்றேன். (யாரும் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.)

"என் வண்டி வரும். நானே ஓட்டுவேன்."

கமிட்டிச் செயலாளர் ஸ்டெல்லாவின் அண்ணன் ஆரோக்கியம். சிரித்து நான் பார்த்திராத மனிதர்.

"மாப்ளே, வண்டி ஓடுதா?"

"ஓடும் மச்சான்."

"ஓடுதான்னு கேட்டேன்."

"திருவிழாவுக்குள்ள ஓடும்."

"ஓடலைன்னா மாதாவைத் தோள்லதான் தூக்கணும். முதல் தோள் உன்னுது."

அதே கூட்டத்தில் ஏரிக்கரைச் சந்துக்காரர்கள் இரண்டு பேர் வந்து, எங்கள் பக்கமும் பவனி வரவேண்டும் என்று கேட்டார்கள். வருஷா வருஷம் கேட்பார்கள். மச்சான் வருஷா வருஷம் சொல்லும் பதிலையே சொன்னார்: "முட்டுச் சந்து. வண்டி உள்ள போனா திரும்ப முடியாது." அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைத்தேன்.

வண்டியைச் சரிசெய்ய மேனாம்பேட்டிலிருந்து மெக்கானிக் ஏகாம்பரம் சைக்கிளில் வருவார். அவர்கள் குடும்பம் அங்கே தலைமுறையாக நெல் பயிரிட்ட குடும்பம். நிலம் பிளாட்டாகிப் போக, இவர் ஸ்பேனரைப் பிடித்துவிட்டார். எஞ்சினை இரண்டு வாரத்தில் எழுப்பிவிட்டார். "இனிமே கியர் பாக்ஸுதான் சார். ஊட்டுல ஒரு காதுகுத்து கீது. ரெண்டு நாள் கழிச்சி வரேன். கை வைக்காதே" என்றார்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு நான் கை வைத்தேன். அவருக்கு வேலை மிச்சமாகட்டுமே என்ற நல்லெண்ணம்.

ஸ்டோர்ஸில் எங்கள் முறை இது: எந்தச் சாமான் உள்ளே வந்தாலும், வந்த தேதியும் நேரமும் எழுதிய சீட்டு அதன் கழுத்தில் ஏறவேண்டும். ஆறு வருஷம் அதைச் செய்த கை. கழற்றிய ஒவ்வொரு நட்டுக்கும், போல்ட்டுக்கும், பல் சக்கரத்துக்கும் சீட்டு எழுதிக் கட்டினேன். தேதி. நேரம். பிறகு துணி காயும் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஆகஸ்ட் மாத வெயில் சாய்ந்து, ஏரிக்காற்று வீச, அத்தனை சீட்டுகளும் ஒரே பக்கமாகப் படபடத்தன. இரும்புக்கு இறகு முளைத்ததுபோல் இருந்தது. அன்று சாயங்காலம் முடியவே முடியாது என்று தோன்றியது. வெகுநேரம் வேலை செய்தும் பொழுது நகரவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஏகாம்பரம் வந்தார். கொடியைப் பார்த்தார். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார் இது?"

"எல்லாத்துக்கும் சீட்டு கட்டியிருக்கேன், ஏகாம்பரம். ஒண்ணுகூடத் தவறலை."

ஒரு சீட்டைத் திருப்பிப் படித்தார். இன்னொன்றைப் படித்தார்.

"நட்டுக்கு ஜாதகம் எழுதிகீறே சார். பொறந்த நாளு கீது, பொறந்த நேரம் கீது. பொறந்த எடம் எங்க சார்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எது எங்கே இருந்தது என்று ஒரு சீட்டிலும் எழுதவில்லை. ஆனாலும் படித்தவனுக்குச் சமாதானம் சொல்லத் தெரியுமே. "கடைசியா கழட்டினதை முதல்ல மாட்டுவோம். நேரப்படி பின்னாலிருந்து வந்தா சரியா வந்துடும்" என்றேன். ஏகாம்பரம் யோசித்து, "அதுவும் நாயந்தான்" என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறை. அது கால் மணி நேரம் நீடித்தது.

"சார், இது நாலு பத்து. இதுவும் நாலு பத்து. இந்தா, இதும் நாலு பத்து. இன்னா சார் ஆச்சு நாலு பத்துக்கு? பூகம்பமா?"

எண்ணிப் பார்த்தோம். முப்பத்தெட்டு உருப்படிகள் ஒரே நிமிஷத்தில், மாலை 4.10க்குக் கழற்றப்பட்டிருந்தன. நான் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்த ஞாயிறு காலை பூசைக்குப் போகும் அவசரத்தில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை; நாலு பத்துக்கு அது நின்றுவிட்டிருக்கிறது. முடியவே முடியாத அந்தச் சாயங்காலத்தின் ரகசியம் அதுதான். வாசலில் நின்ற ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த முப்பத்தெட்டை ஏகாம்பரம் கைப்பழக்கத்தாலும் கெட்ட வார்த்தையாலும் மாட்டிக்கொண்டே வந்தார். பதினொரு நாள். திருவிழாவுக்கு முந்தைய தினம், சனிக்கிழமை மதியம், ஒரே ஒரு போல்ட் மிஞ்சியது. "பாத்துக்கலாம், ஸ்டார்ட் பண்ணு" என்றார். வண்டி ஒரே முறையில் கிளம்பிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் கியர் போட்டேன். வண்டி பின்னால் போனது. இரண்டாவது போட்டேன். பின்னால் போனது. எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே ஆள் வந்து திறப்பதுபோல், கியர் கம்பியை எந்தப் பக்கம் தள்ளினாலும் ரிவர்ஸில்தான் போய் விழுந்தது.

"மறுபடி பிரிச்சா?"

"ரெண்டு நாளு."

"பவனி நாளைக்கு."

ஏகாம்பரம் பீடியைப் பற்றவைத்தார். "போவுதுல்ல சார்? போற பக்கந்தான் வேற."

ஞாயிறு மாலை, கோயில் வாசலுக்கு என் வண்டி பின்பக்கம் காட்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. பூமாலையும் டியூப் லைட்டுமாகக் கமிட்டி மொத்தமும் காத்திருந்தது. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாச்சு மாப்ளே, வண்டியைத் திருப்பி நிறுத்து."

"இது திரும்பாது மச்சான்."

"திரும்பாதுன்னா?"

சொன்னேன். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மச்சான் என் தோளைப் பார்த்தார். மாதாவின் எடைக்கு அது தாங்குமா என்று கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையால் ஒரு காரியம் செய்து காட்டுகிறேன் என்று கிளம்பியவன், மாதாவின் திருவிழாவையே நிறுத்திவிட்டேன்.

"அப்ப மாதாவைத் திருப்பி வைங்க" என்றாள் ஸ்டெல்லா.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"வண்டி பின்னால போகட்டும். மாதா முன்னால பார்த்துட்டுப் போகட்டும். மாதாவுக்கு என்ன, கியரா தெரியும்?"

ஃபாதர் முதலில் சிரித்தார். அது உத்தரவாயிற்று.

பவனி கிளம்பியது. கேபின் மறைக்காமல், தொட்டியின் விளிம்பில், அந்தி வெளிச்சத்துக்கு நேராக மாதா முன்னே போனாள். வண்டி ஊர்ந்தது. எஞ்சின் சூடேறச்சூடேற அடிப்பலகையிலிருந்து பழைய சம்பங்கி வாசனை எழுந்து, மெழுகுவத்திப் புகையோடு கலந்தது. நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, கழுத்தை முழுசாகத் திருகி, தெரிந்த கொஞ்சம் தெருவை வைத்து ஓட்டினேன். வண்டிக்கு எதிரே ஏகாம்பரம் பின்பக்கமாக அடிவைத்து நடந்துகொண்டே வழி சொன்னார். பக்கத்தில் மைக் பிடித்து ஜெபமாலை சொன்னவரின் குரலோடு அவர் குரலும் ஸ்பீக்கரில் சேர்ந்து வந்தது: "வரட்டும்... வரட்டும்... அட வா சார்... ஆங், ரைட்டு ஒடி... கொய்ந்த நிக்குது, பாத்து..." பக்தர்கள் அதற்கும் சேர்த்துப் பதில் சொன்னார்கள்.

மூன்றாவது தெரு முனையில் பேண்டு வாத்தியம் உச்சத்துக்குப் போனது. ஏகாம்பரத்தின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ரிவர்ஸில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை டிரைவிங் ஸ்கூலில் ஒரு மத்தியானம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த மத்தியானம் நான் மடியில் ஒரு புத்தகம் வைத்திருந்தேன். ஒடித்தேன். மாதா பெரிய தெருவுக்குப் பதிலாக இடப்பக்கம் இறங்கினாள். கூட்டம் மாதாவைத்தானே பின்தொடரும்? பேண்டும் கொடியும் மெழுகுவத்தியுமாக எல்லோரும் பின்னால் வந்துவிட்டார்கள். நிறுத்தவும் வழியில்லை. கடைசியில் ஒரு மதில்சுவர் வந்து வண்டியை நிறுத்தியது.

ஏரிக்கரைச் சந்து. முட்டு. முன்னால் போகத் தெரியாத வண்டி.

மச்சான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சந்தின் கதவுகள் திறந்தன. இட்லிச் சட்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள், பாதி ஷேவ் செய்த முகத்தோடு ஒருவர், கையில் கிடைத்த அகல்விளக்கோடு ஒரு அம்மா. அன்று கூட்டத்துக்கு வந்து கேட்ட இருவரில் ஒருவர் மச்சானின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்களே அண்ணே! ஒரு மாலைகூட வாங்கி வைக்கலியே!"

மச்சான் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு, "இந்த வருஷம் உங்க பக்கமும்னு கமிட்டியில முடிவு" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அரைமணி நேரம் மாதா அங்கே இருந்தாள். பிறகு வண்டியை நியூட்ரலில் போட்டு, சந்துக்காரர்களே கைகொடுத்துத் தள்ளினார்கள். அந்த வண்டி அன்று முன்னால் போனது அந்தத் தூரம் மட்டும்தான். மாதாவின் முகம் சந்துக்குள் பார்த்தபடியே இருந்தது. வாசல்தோறும் விளக்குகள் நின்றன. ஏரி இருட்டத் தொடங்கியது. முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே அவள் மெல்ல விலகிப் போனாள். எனக்குக் கழுத்து வலித்தது. நான் திரும்பவில்லை.

அடுத்த வாரம் ஏகாம்பரம் கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்தார். மறு வருஷம் வண்டிக்கு எல்லா கியரும் விழுந்தது. ஆனால் ஏரிக்கரைச் சந்துக்காரர்கள் வந்து, "போன வருஷம் மாதிரியே" என்று கேட்டார்கள். மச்சான் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சந்துக்குள் பவனி வண்டி ரிவர்ஸில்தான் போகிறது, வாடகை லாரியானாலும். தொண்ணூறுகளின் கடைசியில் வந்த கோயில் மலரில் ஒருவர், "மாதா யாருக்கும் முதுகு காட்டலாகாது என்று நம் முன்னோர்கள் ஏற்படுத்திய மரபு" என்று எழுதியிருந்தார். முன்னோர் என்றால் நான். திருத்தம் கேட்டு, தேதி நேரத்தோடு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். தபாலில் போடவில்லை. நான் திருத்தாமல் விட்ட தேதி அது ஒன்றுதான்.

வீட்டில் மட்டும் எனக்கு விடுதலை கிடையாது. யாராவது ஊரிலிருந்து வந்தால், "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?" என்று நான் கேட்பேன். மச்சான் முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "நாலு பத்துக்கு" என்பார். என் மகள் பிறந்த நேரம் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது அவளும் அதையே சொல்லிவிட்டு வந்தாள்.

இனி இந்த போல்ட். வண்டி இது இல்லாமலே ஆறு வருஷம் ஓடியது. அதை விற்ற அன்று ஏகாம்பரத்திடம் இதைக் காட்டி, எங்கே இருந்தது என்று கேட்டேன். உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"வண்டி ஓடுச்சா இல்லியா சார்?"

"ஓடுச்சு."

"அப்ப இது வண்டியோடது இல்ல."

கழற்றியவன் நான், தேதி இருக்கிறது, நேரமும் ஒரு மாதிரியாக இருக்கிறது. ஆனால் இந்த போல்ட் அந்த வண்டியுடையதுதானா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.